கடற்கொள்ளையனும் சக்கரவர்த்தியும்



ஒரு வல்லரசைத் திட்டுவது சுலபம். டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அமெரிக்காவை நாலு பேர் திட்டுவதைக் கேட்கலாம். அந்த நாட்டின் சொந்தக் காகிதங்களை எடுத்துப் போட்டே அதைக் கூண்டில் ஏற்றுகிற கட்டுரைகள்தான் அபூர்வம். எனக்கு அவைதான் பிடிக்கும்.

அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1986-இல் 'கடற்கொள்ளையரும் பேரரசரும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு, புனித அகஸ்டின் சொன்ன கதையிலிருந்து வந்தது. பிடிபட்ட கொள்ளையனை, கடலில் ஏன் இந்த அட்டூழியம் என்று அலெக்சாண்டர் அதட்டுகிறான். நீ உலகம் பூராவும் செய்வதைத்தான் நான் ஒரு சின்னக் கப்பலை வைத்துச் செய்கிறேன், ஆகவே நான் திருடன், நீ சக்கரவர்த்தி என்கிறான் அவன்.

சாம்ஸ்கி திரும்பத் திரும்பப் பேசும் நாடு நிகரகுவா. மத்திய அமெரிக்காவில், அப்போது முப்பது லட்சம் சொச்சம் மக்கள் வாழ்ந்த ஏழை நாடு. 1979-இல் சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிப் புரட்சியாளர்கள் சர்வாதிகாரி சொமோசாவை விரட்டினார்கள். அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அவர்களுக்கு எதிராக 'கான்ட்ரா' படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. 1984 தொடக்கத்தில் நிகரகுவாத் துறைமுகங்களில் கண்ணிவெடி கிடந்தது. வைத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.

இதைவிட எனக்குச் சுவாரசியம், அதே சி.ஐ.ஏ. தயாரித்த ஒரு படக்கதைப் புத்தகம். சாண்டினிஸ்டா அரசை எப்படி முடக்குவது என்று சாமானிய மக்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். வேலைக்குத் தாமதமாகப் போ, குழாயைத் திறந்து விடு, விளக்கை அணைக்காதே, கழிப்பறையை அடைத்து வை. நான் வகுப்பில் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், இதெல்லாம் எங்க ஹாஸ்டல்ல தினமும் நடக்குது!" வகுப்பே சிரித்தது. கடைசிப் பக்கங்களில் பெட்ரோல் குண்டு செய்வது எப்படி என்று இருக்கிறது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கான்ட்ராக்களுக்கென்றே இன்னொரு கையேடும் உண்டு. நீதிபதிகள், போலீஸ் அதிகாரிகள் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்து 'அகற்றுவது' பற்றி அது பேசுகிறது.

நிகரகுவா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்கா பாதியில் வெளிநடப்புச் செய்தது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு: அமெரிக்கா செய்தது சட்டவிரோதம், நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கான்ட்ராக்களுக்குப் பத்துக் கோடி டாலர் தர ஒப்புதல் அளித்திருந்தது! தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தைப் பாதுகாப்பு சபையில் அமெரிக்காவே வீட்டோ செய்தது. என் மாணவி ஒருத்தி, வக்கீல் குமாஸ்தாவின் மகள், கேட்டாள்: "டிக்ரி வாங்கியாச்சு. ஜப்தி பண்ண அமீனாவை யார் அனுப்புறது சார்?" நேயர்களே, உங்களிடம் பதில் இருக்கிறதா? 1990 தேர்தலில் நிகரகுவாவில் ஆட்சி மாறியது. புதிய அரசு 1991-இல் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டது. நஷ்டஈடு ஒரு காசு வரவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். கான்ட்ராக்கள் செய்த கொடுமைகளையெல்லாம் அமெரிக்காவின் தலையில் கட்ட அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. வல்லரசை விமர்சிப்பவர்கள் பலர் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். அது நேர்மையில்லை.

கடிகாரம் என்னை முறைக்கிறது. வல்லரசை நேர்மையாக விமர்சித்த இக்பால் அஹ்மதைப் பற்றிச் சொல்லாமல் எழுந்தால் மனம் ஆறாது. பீகாரில் பிறந்தவர், பிரிவினையில் பாகிஸ்தான் போனவர், அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1998 அக்டோபரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதம் பற்றிப் பேசினார். ஆப்கானிஸ்தானில் சோவியத்துக்கு எதிராக அமெரிக்கா ஊட்டி வளர்த்த ஜிகாத், வளர்த்தவர்கள் மீதே பாயும் என்று எச்சரித்தார். ஒசாமா பின்லேடனின் பெயரையும் சொன்னார். பயங்கரவாதத்தை அவர் நியாயப்படுத்தவில்லை. நம்மவன் குண்டு வேறு, அவன் குண்டு வேறு என்கிற இரட்டை அளவுகோலை விடுங்கள் என்பதே அமெரிக்காவுக்கு அவர் சொன்ன முதல் யோசனை. 1999 மே மாதம் அவர் இறந்தார். நியூயார்க் கோபுரங்கள் விழுந்தது 2001 செப்டம்பரில்.

அந்தப் பேச்சு சின்னப் புத்தகமாகவே வந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அதைத் தேடிப் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.