தகரத்துக்குக் கீழே நம் கைப்பிள்ளைகள்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்ச், ஏப்ரல் வந்தால் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் லயத்துத் தகரம் நெருப்பாய்க் கொதிக்கிறது. அதற்குக் கீழேதான் நம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். கைப்பிள்ளையின் உடம்பு நம் உடம்பைப் போல் சூட்டைத் தாங்காது.

சளி பிடிக்கும் என்று பயந்து வெயிலிலும் தொப்பி, காலுறை போட்டுப் போர்த்துகிறோம். இனி வேண்டாம். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கை கால் அல்ல, பிடரியைத் தொட்டுப் பார்ப்போம். வியர்த்திருந்தால் உடுப்பைக் குறைப்போம். சேலைத் தொட்டிலில் துணி முகத்தை மூடலாம், காற்றும் குறைவு. தலையணை இல்லாமல், தட்டையான பாயில், மல்லாக்கப் படுக்க வைப்போம். அடுப்பு எரியும் அறையில் வேண்டாம்.

ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம்; தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், சிறுநீர் குறைந்தால், உடம்பு கொதித்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்.

மரத்தில் பால் எடுக்கும் தாய், பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் தந்திருக்கிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம்; இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சலுகை அல்ல, உரிமை.

மறுத்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். தகரத்துக்குக் கீழே சீலிங்கும், காற்று வர யன்னலும் கேட்டு எல்லோரும் சேர்ந்தே போவோம்.