காவலும் வாய்மையும்

(சங்கரன்கோவில் விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)

இல்லறத்தார்க்குச் சமணநெறி வகுத்த ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமையும் ஒன்று. நாவடக்கத்தையும் வாக்குக் குப்தி என அந்நெறி போற்றுகிறது. பேசாதிருத்தல் அடக்கம், பொய்யுரைத்தல் விரத பங்கம். கடைவீதி வணிகர் தம் கொள்முதல் விலையை வாடிக்கையாளரிடம் கூறவேண்டுவதில்லை. எடைக்கல் குறைதல் மட்டும் ஆகாது. இவ்வளவுகோல் அரசுக்கும் உரியது.

படைநகர்வையும் ஆயுத இருப்பையும் பகைவர் அறியாது காப்பது அரசின் கடமை. போர் முடிந்தபின் அதன் பிழைகளை எத்துணை ஆண்டுகள் மறைப்பது என்பதே வினா.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் பணிக்கப்பெற்றனர். 1963இல் அவர்தம் அறிக்கை முடிவுற்றது. பாதுகாப்பு அமைச்சர் சவான் அதன் சாரத்தை மட்டும் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். இன்றைய படைநடவடிக்கைக்கும் அது தொடர்புடையது என்று 2010இல் அமைச்சர் அந்தோணி காரணம் கூறினார். 2014இல் நெவில் மாக்ஸ்வெல் என்னும் அயல்நாட்டு இதழாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். தம் படையின் வரலாற்றைப் பிறர்வழி அறியும் நிலை மக்களுக்கு வாய்த்தது. அரசு வாய்மூடிய இடத்தில் ஊகம் குடிபுகுந்தது.

கார்கில் போர் வேறொரு வழியைக் காட்டிற்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் 1999 ஜூலையில் ஆய்வுக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்று, நூலாகவும் வந்தது. உளவுத்துறையின் குறைகளை அது ஒளிக்கவில்லை. பாதுகாப்புக் கருதிச் சில பகுதிகள் நீக்கப்பெற்றன. ஆயின் நீக்கிய இடத்தில் 'நீக்கப்பட்டது' என்றே குறிக்கப்பெற்றது. மௌனம் பொய்யாகாமல் நின்ற இடம் அதுவே.

போர் வரலாறுகளை ஐந்தாண்டுக்குள் தொகுக்கவும், ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிடவும் 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது. அவ்வளவுகோலின்படி 1962ஆம் ஆண்டின் கணக்கு என்றோ தீர்ந்திருக்க வேண்டும்.

மைந்தரைப் போர்க்களத்துக்கு ஈந்த இல்லங்கள் படையின் இரகசியத்தைக் கேட்கவில்லை. இழப்பு எதனால் நேர்ந்தது, மீண்டும் நேராதிருக்கச் செய்தது யாது என்பதையே கேட்கின்றன. அதற்கு மெய்யான விடை கிடைத்தால், நாளை அரசு 'இதனை இப்போது கூறுதற்கில்லை' என்னும்போதும் மக்கள் நம்புவர். ஒருமுறை பொய்த்த நாவின் மௌனத்தையோ எவரும் நம்பார்.