வெயில் பொது, கூரை யாருடையது?

(கலசப்பாக்கத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரணிப் பட்டு நெய்கிற பக்கம் இது. 2012 மின்வெட்டு இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேரம். நமக்கோ பாதி நாளுக்கும் மேல். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம்தான். ஆனால் அறுந்த இழையைப் பார்த்து முடிய வெளிச்சம் வேண்டுமே! இருட்டில் போன நேரமெல்லாம் கூலியில் போனது.

இப்போது எல்லோரும் சோலார் என்கிறார்கள். நல்லதுதான். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. யாருக்கு? சொந்தமாக உறுதியான கூரையும், மின் இணைப்பும், மீதிப் பணமும் உள்ளவருக்கு. ஓலை வீட்டுக்காரருக்கு? வாடகைக்கு இருப்பவருக்கு? வெயில் ஊருக்கும் சேரிக்கும் ஒன்றாகத்தான் அடிக்கிறது. கூரைதான் ஒன்றாக இல்லை.

இன்னொன்று. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சரியான ஏற்பாடுதான். ஆக, மின்வெட்டைச் சமாளிக்கப் பேனல் மட்டும் போதாது, பேட்டரியும் வேண்டும்.

பேட்டரியோடு சோலார் ஏழை வீட்டுக்கு வந்ததே இல்லையா? வந்தது. 2011இல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, 5 சோலார் விளக்கு, செலவு 1.80 லட்சம் ரூபாய். 29 விழுக்காடு வீடுகள் பட்டியல் சாதியினருக்கு. ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அது செத்தால், கூலிக்குப் போகிறவர் புதிது வாங்க ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு எங்கே போவார்?

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் தொழில் வளரும், வறுமை ஒழியும் என்று 1943லேயே வாதிட்டார். காசுள்ளவர் வீட்டு மாடியோடு நிற்கிற சோலார் அந்த வழியில் வந்தது அல்ல.

நாம் கேட்க வேண்டியது இதுதான். காலனியின் சமுதாயக் கூடம், அங்கன்வாடி மாடிகளில் பேனல், அங்கேயே பேட்டரி. கிடைக்கும் யூனிட்டைக் கூரை இல்லாத வீடுகளின் பில்லில் கழிக்க வேண்டும். டெல்லியில் 2019 முதல் இதற்கு விதிமுறை இருக்கிறது. பேட்டரி மாற்றும் செலவைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். பராமரிப்பு வேலையை அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே பயிற்சியோடு தர வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: நம் ஊரில் பேனல் எந்தத் தெருவரை வந்திருக்கிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.