பசிக்குத் தவணையில்லை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே நாயன்மார் சரித்திரமும் திருமுறை விளக்கமும் கேட்டுப் பழகிய உங்கள் முன்னிலையில் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அடுப்புச் சங்கதி. வெள்ளமோ மண்சரிவோ வேலையில்லாக் காலமோ வந்து ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துபோனால், அரசாங்கம் கொடுக்கும் உணவு நிவாரணம் அவ்வீட்டுக்கு விரைவிலே வந்து சேர நாம் என்ன செய்யலாம் என்பதே பொருள். அன்னதானம் செய்வதிற் பின்னிற்காத சங்கம் நமது சங்கம். ஆயினும் நமது பானை எத்தனை நாளைக்குப் பொங்கும்? மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கப்பால் அரசாங்கக் களஞ்சியத்தின் கதவைத்தான் தட்டவேண்டும். தட்டுவதற்கும் ஒரு முறை இருக்கின்றது.

குருவிட்டவுக்கு வெள்ளம் புதிதன்று. சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து இறங்கி வரும் குரு கங்கை, களு கங்கையோடு கலப்பதை நாம் அறிவோம். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாட்டைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்விரு முறையும் நாடெங்கும் 200க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அவற்றையும் மிஞ்சிவிட்டது. மலையகத்து லயங்கள் பல மண்ணோடு மண்ணாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெள்ளம் ஏறிய வீடுகளைக் கணக்கெடுப்பது எளிது. சுவரிலே சேற்றுக்கோடு இருக்கும். நம்மவர் லயங்களிற் பல மேட்டிலே இருக்கின்றன. அங்கே தண்ணீர் ஏறுவதில்லை. ஆனால் மழை பத்து நாள் பிடித்துக்கொண்டால் இறப்பர் மரத்திற் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் செக்ரோலிற் பேர் விழாது. பேர் விழாத வீட்டில் மாவும் இராது. கடைக்குப் போகும் பாதையும் உடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் நுழையாத காம்பிராவுக்குள்ளே பசி நுழைந்துவிடுகின்றது. அதற்குச் சுவரிலே கோடு விழுவதில்லை. ஆகையால் அக்குடும்பம் பட்டியலில் இல்லை. நிவாரணம் பிந்துவதற்கு முதற் காரணம் இதுவென்பது நமது எண்ணம்.

பட்டியல் என்றோம். அதன் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1942இல் யுத்தகாலத்திலே அரிசிப் பங்கீடு வந்தபோது, கூப்பன் புத்தகம் இருந்தால் அரிசி உண்டு. ஏழையா செல்வனா என்று கேட்பாரில்லை. 1953இல் அவ்வரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவர்கள் பின்னர் பதவியை விட்டார். அரிசி அவ்வளவு பெரிய விஷயம்! 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களிற் பட்டினி எப்படி இருந்ததென்பதை இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்கள். 1979இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. அக்காலந் தொட்டு, “நீ யார், உன் வருமானம் என்ன?” என்ற கேள்வியும் வந்தது. பின்பு 1989இல் சனசவிய, 1995இற் சமுர்த்தி, 2023 ஜூலை முதல் அஸ்வெசும. பெயர்கள் மாறினாலும் சங்கதி ஒன்றே: பட்டியலிற் பெயர் இருப்பவனுக்கே படி.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதை நன்றாக விளக்கிற்று. நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் அறிவித்த காலம் அது. ரொட்டிக்கு மா வாங்கமுடியாமல் நமது லயங்கள் தவித்தன. அவ்வேளையில் அரசாங்கம் கொடுத்த அவசர உதவிப்பணம் யாருக்குப் போயிற்று? பெரும்பாலும் ஏற்கெனவே சமுர்த்திப் பட்டியலிலும் அதன் காத்திருப்போர் பட்டியலிலும் இருந்தோருக்கே போயிற்று. தோட்டங்களிலோ சமுர்த்தி பெற்றோர் வெகு குறைவு. இத்தனைக்கும் 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் வறியோர், தோட்டத்துறையில் 33.8 பேர். வறுமை மிகுந்த இடத்திற் பட்டியல் மெலிந்திருந்தது.

இனி, கதவுகள் இரண்டு என்பதை அறியவேண்டும். ஒன்று மாதாமாதம் வரும் அஸ்வெசும. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் என உயர்த்தினார்கள். மற்றது அனர்த்த நிவாரணம். கிராம உத்தியோகத்தர் அறிவிக்க, பிரதேச செயலகம் ஏற்க, மாவட்டச் செயலகத்தின் வழியாகத் தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையத்தின் பணம் வருகின்றது. முதலிற் சமைத்த உணவு. பிறகு உலர் உணவு. “நமக்குத்தான் அஸ்வெசும இல்லையே, நிவாரணம் எங்கே தரப்போகிறான்?” என்று லயத்திலே பேசிக்கொள்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இது பிழையான எண்ணம். அனர்த்தத்துக்கு உள்ளானவரா என்பதே இரண்டாவது கதவின் கேள்வி. மண்சரிவு எச்சரிக்கையின் பேரில் லயத்தைவிட்டு வெளியேறி மடத்திலோ பாடசாலையிலோ தங்குவோரும் இதில் அடங்குவர்.

பிந்துவதற்கு வேறு காரணங்களும் உள. பத்துக் குடும்பத்துக்கு ஒரே விலாசம். அதுவும் தோட்டத்துக் கந்தோரின் விலாசம். ஒரு காம்பிராவிலே தாய் தகப்பன், மணமுடித்த மகன் என இரண்டு உலை கொதிக்கும். தாளிலோ ஒரு குடும்பம். கந்தோருக்குப் போனால் ஒருநாட் பேர் போய்விடும். போன அன்று உத்தியோகத்தர் வெளிக்களத்துக்குப் போயிருப்பார். படிவம் சிங்களத்தில் இருக்கும். நாம் அறிந்த ஒரு விதவைத் தாய் இவ்வாறு நான்கு முறை நடந்து நான்கு நாட் சம்பளத்தை இழந்தார். கிடைத்த பொதியின் பெறுமதியைக் கூட்டிப் பார்த்தால் நட்டம்!

மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாயிருந்த கதை மனப்பாடம். பகிருமுன் சனங்களை ஐம்பது ஐம்பது பேராகப் பந்தியிருத்தும்படி சொல்லப்பட்டதென்று அதிலே ஒரு சிறு விவரம் உண்டு. அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் பலர். பந்தியைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். நாம் பேச வந்தது அந்தப் பந்தியைப் பற்றியே.

மழைக்கு முன்பே நமது கையில் ஒரு கொப்பி இருக்கவேண்டும். தோட்டம், லயம், காம்பிரா இலக்கம், உலை எத்தனை, ஆட்கள் எத்தனை, கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி, தனித்த முதியோர் யார், அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகம் உண்டா இல்லையா. அடையாள அட்டையோ பிறப்புப் பத்திரமோ இல்லாதவரைத் தனிப் பக்கத்தில் எழுதவேண்டும். அவர்களுக்கான வேலையை வெயிற்காலத்திலேயே தொடங்கவேண்டும். கொப்பியின் பிரதி ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைத் தோட்டத்துக் கந்தோரிலும் கொடுத்து, ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குவோம். ஒரு பொய்ப் பெயரையும் எழுதக்கூடாது. ஒரு பொய்யைத் தேடிப் பிடிக்க உத்தியோகத்தர் பத்து மெய்களை நிறுத்திவைப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

ஆபத்து வந்த அன்றே 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும்; நேரத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். கிராம உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம், பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி. “கஷ்டப்படுகிறோம்” என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார். “இன்ன திகதி முதல் பாதை இல்லை, வேலை இல்லை, இத்தனை குடும்பம், இத்தனை குழந்தை” என்று எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பிலே எழுதிவைத்திருக்கின்றது. தமிழில் எழுத நமக்கு உரிமை உண்டு. இருந்தும், அவசரத்துக்குச் சிங்களத்திலும் ஒரு பிரதி இணைப்பதே புத்தி. உரிமையைப் பிறகு வாதாடலாம். குழந்தைக்குக் கஞ்சி இன்றைக்கு வேண்டும். மறுமொழி வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. சாதாரணமாக 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அச்சட்டமே சொல்கின்றது.

கிராமத்துச் சிங்களச் சகோதரர்களின் மரணாதார சங்கத்தாரோடும் நாம் பேசவேண்டும். அதே மழை, அதே கிராம உத்தியோகத்தர். இரு பகுதியாரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் அதன் கனமே வேறு.

“அரசாங்கத்திடம் கையேந்துவது மானக்கேடு” என்று சில பெரியோர்கள் சொல்வதுண்டு. அவர்களை வணங்கியே மறுக்கின்றோம். நமது பாட்டன்மார் நட்ட மரத்தின் பால் கப்பலேறி நாட்டுக்குப் பணமாக வந்தது. நாம் வாங்கும் சவர்க்காரத்துக்கும் வரி கொடுக்கின்றோம். சேர்த்துவைத்த இடத்தில் ஆபத்துக்கு எடுப்பது பிச்சையாகாது.

கொப்பிகள் வாங்கியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நமது வாலிபர் இருவர் இருவராக லயங்களுக்கு வருவார்கள். பால் வெட்டும் நேரத்தில் வந்து உங்கள் பேரைக் கெடுக்கமாட்டார்கள், பின்னேரம் வருவார்கள். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துவையுங்கள். சிங்களம் பிழையின்றி எழுதக்கூடியவர் நால்வர் நம்மிடம் உளர். இன்னும் இருவர் வேண்டும். விருப்பமுள்ளோர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும்.