நம் பந்தியும் தென்கடலும்

(புளியங்குடியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடலைப் பற்றியது. மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே வாழும் நமக்கும் கடலுக்கும் யாது சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நமக்கு மேற்கே மலை. கடலோ கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆயினும் நாம் தினந்தோறும் கடலுக்கு ஒன்றை அனுப்பி வருகிறோம். கடலும் அதை நமக்குத் திருப்பி அனுப்பி வருகிறது. அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

நம் மலைச்சரிவில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கி, குளங்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து கிழக்கே செல்கிறது. இவ்வட்டாரத்தின் வடபால் நீர் வைப்பாற்றையும், தென்பால் நீர் சிற்றாற்றையும் சேருகின்றது. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்க, தாமிரபரணி புன்னைக்காயலில் கடலை அடைகிறது. வைப்பாறும் அதே தூத்துக்குடி ஜில்லாவிலேயே கடலில் விழுகிறது. ஆகவே நம் ஓடை எத்திசை திரும்பினாலும் அதன் முடிவிடம் மன்னார் வளைகுடா ஒன்றே.

அவ்வளைகுடா சாமானியமான கடலன்று. கொற்கை முத்தால் நம் தென்னாட்டுக்குப் புகழ் தந்த கடல் அதுவே. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அதில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிலும் பவழப் பாறைகளும், கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இருக்கின்றன. அதன் அருமையை உணர்ந்தே 1986-இல் அதைத் தேசியக் கடற்பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் சர்க்கார் அமைத்தனர்.

இனி நம் பந்திக்கு வருவோம். பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வதே நியாயம். சில வருஷங்களுக்கு முன் என் மூத்த குமாரத்தியின் விவாகத்தில் இலைக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்தேன். தாகத்தைத் தணிக்க அது தேவைப்பட்டதன்று. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் சம்பந்தி வீட்டார் நம்மைத் தாழ்வாக எண்ணுவரோ என்ற அச்சமே காரணம். வந்தவர்களில் அநேகர் இரண்டு மிடறு குடித்துவிட்டு எழுந்தனர். மறுநாட் காலையில் மண்டபத்தின் பின்புறம் சென்று பார்த்தேன். எச்சில் இலைகளை மாடுகள் பெரும்பாலும் தின்று தீர்த்திருந்தன. புட்டிகளும், கோப்பைகளும், பாலிதீன் விரிப்புகளும் ஓடை விளிம்பில் குவிந்து கிடந்தன. ஐப்பசி மழையில் ஓடை வந்தது, குவியல் போயிற்று. இடம் சுத்தமாயிற்று என்று அன்று சந்தோஷப்பட்டேன். போனது எங்கே போயிற்று என்று யோசிக்கும் அறிவு எனக்கு அப்பொழுது இல்லை.

வாழையிலை மக்கி மண்ணாகும். பாலிதீனுக்கு அந்தக் குணம் இல்லை. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட அப்பொருள், 1965-இல் சுவீடன் தேசத்தில் கைப்பிடிப் பையாக உருவெடுத்து உலகெங்கும் பரவிற்று. அது வெயிலாலும் அலையாலும் நொறுங்குமேயன்றி எளிதில் அழிவதில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கின்றனர். பை முழுமையாய் மிதக்கும்போது அதைச் சொறிமீன் என்று கருதி ஆமை விழுங்குகிறது. நொறுங்கியபின் துகளை மீன் விழுங்குகிறது. ஆசிய பசிபிக் கடல்களில் 159 பவழப் பாறைகளை ஆராய்ந்து 2018-இல் அறிஞர்கள் வெளியிட்ட முடிவு யாதெனில், பிளாஸ்டிக் படாத பவழத்துக்கு நோய் காணும் வாய்ப்பு 100-க்கு 4 என்றால், பிளாஸ்டிக் பட்ட பவழத்துக்கு அது 89 என்பதாம்.

கடல் நமக்குத் திருப்பி அனுப்புவது யாது என்று கேட்பீர்கள். அது உப்பு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வூர் உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டன. பந்தியில் இலை போட்டதும் உப்பு வைப்பது நம் முறைமை. உப்பிட்ட கையை ஆயுள் உள்ளவரை மறவாதவர் நாம் என்று பெருமை பேசுகிறோம். நம் பந்தியிலிருந்து ஓடை வழியே போனது உப்பின் வழியே மீண்டும் நம் பேரக் குழந்தைகளின் இலைக்கு வருமாயின், அந்தப் பெருமைக்குப் பொருள் என்ன?

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பொருள்களைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தனர். உணவு கட்டும் பாலிதீன் தாள், மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, உறிஞ்சு குழல், தண்ணீர்ப் பொட்டலம், எல்லா வகைக் கைப்பைகளும் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. 2022 ஜூலை முதல் இந்தியா முழுமைக்கும் 19 வகைப் பொருள்கள் தடையாயின. ஆயினும் தண்ணீர்ப் புட்டி இத்தடைகளில் அடங்கவில்லை. சட்டம் விட்ட இடத்தை நம் மனச்சாட்சிதான் நிரப்ப வேண்டும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதிருக்க வேண்டுகிறேன். இக்காலத்தில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் பல பைகள் துணிபோலத் தோன்றினும் துணியல்ல. அவற்றில் ஓர் இழையை உருவிப் பாருங்கள், நூல் வராது. அவையும் பிளாஸ்டிக்கே, தடை செய்யப்பட்டவையே. நம் பெரியோர் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தந்த மஞ்சள் துணிப்பையோ பத்து வருஷம் வீட்டில் உழைத்தது. நெசவு தழைத்த இவ்வட்டாரத்தார் அதைக் கைவிட்டது விசனிக்கத்தக்கது.

'உலகமே குப்பை கொட்டும்போது புளியங்குடி திருந்தி என்ன பிரயோஜனம்?' என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வாதத்தில் உண்மை உண்டு. 2019-இல் மட்டும் உலகில் 35 கோடி டன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குப்பை சேர்ந்தது. அதில் மறுசுழற்சி பெற்றது 100-க்கு 9 பங்கே. சர்வதேச உடன்படிக்கை காண 2025 ஆகஸ்டில் ஜினீவா நகரில் கூடிய தேசங்களும் இணக்கமின்றிக் கலைந்தன. ஆனால் தேசங்கள் இணங்கும்வரை நம் ஓடை காத்திராது. மேலும், ஜினீவாவில் நமக்கு வாக்கு இல்லை. நம் கல்யாண மண்டபத்தில் உண்டு.

சகோதரர்களே! இக்குப்பை வறுமையால் வந்ததன்று. வீண் மரியாதையால் வந்தது. பத்து வீட்டார் இலைக்கொரு புட்டி வைத்தால், பதினோராம் வீட்டார் கடன்பட்டேனும் வைக்கின்றனர். தனியொருவர் நிறுத்தினால் 'கருமி' என்பார்கள். எல்லாரும் ஒருங்கே நிறுத்தினால் அதுவே வழக்கமாகிவிடும். விவாக ஆடம்பரத்தைக் குறைக்க அக்காலத்துச் சங்கங்கள் தீர்மானம் செய்தது இக்காரணம் பற்றியே. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் சங்கத்தின் ஆலோசனைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, சங்கப் பொதுநிதியிலிருந்து 500 எவர்சில்வர் டம்ளர்களும், மூடியுள்ள தண்ணீர்ப் பாத்திரங்களும் வாங்கி, அங்கத்தினர் வீட்டு விசேஷங்களுக்கு வாடகையின்றித் தரவேண்டும். இரண்டாவது, காய்ச்சி ஆற்றிய நீரையே பரிமாற வேண்டும். நோய்க்கு அஞ்சுவோரின் கவலை அதனால் தீரும். மூன்றாவது, தாம்பூலம் துணிப்பையிலேனும் ஓலைப்பெட்டியிலேனும் கொடுக்கப்பட வேண்டும். நான்காவது, டம்ளர் கழுவுவோருக்கு உரிய கூலியை விசேஷ வீட்டார் முகம் கோணாமல் கொடுக்க வேண்டும். புட்டிக்குச் செலவிடும் பணத்தை ஒரு மனிதரின் உழைப்புக்குச் செலவிடுவதில் நஷ்டம் யாதும் இல்லை.

நாம் கைகழுவிச் சென்றபின், நாம் எறிந்ததைக் குனிந்து பொறுக்குகிறவர் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர். அவர் முதுகை நிமிர்த்துவதும் கடலைக் காப்பதும் ஒரே காரியத்தின் இரு பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வருகிற தை மாதத்தில் என் இளைய குமாரத்தியின் விவாகம் நடக்க இருக்கிறது. அப்பந்தியில் புட்டி இராது என்று இச்சபையில் வாக்களிக்கிறேன். சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன்; அவர்களும் சம்மதித்தார்கள். நீங்கள் அனைவரும் வந்திருந்து, டம்ளரில் தண்ணீர் அருந்தி, மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இச்சிற்றுரையை முடிக்கிறேன்.