கண்ணி முறுக்கிய விரல்கள்



ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு துணி விரித்திருக்கும். அதில் பாசிமணி, ஊசி, ஹேர்பின், சின்னக் கண்ணாடி. அதன் பின்னால் குறடும் கையுமாக ஒரு பெரியவர். மெல்லிய கம்பியை எடுத்து மணியில் கோத்து, குறடால் ஒரு சுழி போட்டு, கம்பியின் மிச்சத்தைத் துண்டிப்பார். அடுத்த மணி, அடுத்த சுழி. கையைப் பார்க்காமலே செய்வார்.

நான் கோவில்பதாகைக்காரன். போன வருடம் ஒரு நாள் ரயிலைத் தவறவிட்டுவிட்டு, அப்படி ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தச் சுழியை எங்கே ஐயா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "எங்க அப்பாகிட்ட சாமி. அப்போ இது கௌதாரிக்குப் போட்ட கண்ணி. குதிரை வால் முடியில போடுவோம். இப்போ கம்பியில போடறேன்" என்றார்.

அந்தப் பதிலைத்தான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் வேட்டைக்காரர் ஏன் இல்லாமல் போனார்? அவரோடு என்னென்ன போனது?

முதலில் வெளியூர்ச் செய்தி ஒன்று. அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசிடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அப்படி வாங்கியவர்கள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். பிறகு அந்த எண்ணிக்கை குறையத் தொடங்கியது. 2011-இல் வேட்டைக்குப் போனவர்கள் 1 கோடியே 37 லட்சம் பேர். 2016-இல் அது 1 கோடியே 15 லட்சமாக இறங்கியது என்று அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். காடும் புல்வெளியும் வேலி போட்ட தனியார் நிலமாயின. அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அறுந்தது. வேட்டைக்குப் போன தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அங்கே இதைக் கேட்டு வனத்துறையே கவலைப்படுகிறது. லைசென்ஸ் பணமும், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியும்தான் அங்கே காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பெரிய வருமானம். சுடுகிறவர் குறைந்தால் காப்பாற்றப் பணமும் குறையும்.

நம் கதை வேறு. இங்கேயும் வேட்டை லைசென்ஸ் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட அதில் சிறு வேட்டைக்கு, பெரு வேட்டைக்கு, பொறி வைத்துப் பிடிப்பதற்கு என்று தனித்தனி உரிமங்கள் வைத்திருந்தார்கள். உரிமம் வாங்கியவர், எதைக் கொன்றார், எதைப் பிடித்தார் என்று கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 1991-இல் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமங்களையே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் விளையாட்டுக்காக வேட்டையாட லைசென்ஸ் என்று இன்றைக்கு ஒன்று கிடையாது.

அந்தச் சட்டம் வேண்டியிருந்தது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஜீப் வந்தது, இரவில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வந்தது. வெளிநாட்டுப் பணக்காரர்களைக் கூட்டிவந்து புலி சுட வைத்துப் பணம் பார்த்த கம்பெனிகள் வந்தன. 1970-இல் புலி வேட்டையை நிறுத்தினார்கள். 1972-இல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் 1,827 புலிகள்தான் என்று கணக்கு வந்தது. மறு ஆண்டே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அப்போது நிறுத்தாமல் விட்டிருந்தால் முதுமலையிலும் முண்டந்துறையிலும் இன்றைக்குப் புலி இருந்திருக்காது.

ஆனால், புலியைச் சுட்டவர் யார்? ராஜா, ஜமீன்தார், வெள்ளைக்காரத் துரை, அவருக்குப் பின் வந்த அதிகாரி. தடை வந்ததும் அவர்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்குக்குப் போனார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. அன்றாட அரிசிக்காக வேட்டையாடியவர் வீட்டில்தான் அணைந்தது.

நம் பக்கத்தில் அவர்கள் நரிக்குறவர்கள். தங்களுக்குள் வாக்ரி மொழி பேசுகிறவர்கள். அரசு ஆவணத்தில் குருவிக்காரர் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரிலேயே தொழில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் காடைக்குக் கண்ணி. ஏரிக்கரையில் நாமக்கோழிக்கும் நீர்க்கோழிக்கும் நாட்டுத்துப்பாக்கி. குழலுக்குள் கரிமருந்தைக் கொட்டி, கந்தல் துணியை அடைத்து, கம்பியால் குத்தி, அதன் மேல் ஈய ரவையைப் போட்டு மறுபடி குத்தி, ஒரே ஒரு வெடி. தவறினால் பறவை பறந்துவிடும். திரும்ப மருந்து அடைக்க வேண்டும். நரியை அழைக்க நரி போலவே ஊளையிடுவார்கள். புதருக்குள்ளிருந்து நரி எட்டிப் பார்க்கும். பயிரைத் தின்னும் பறவையையும் எலியையும் விரட்ட விவசாயிகளே அவர்களைக் கூப்பிட்ட காலம் அது. தெருவில் "காடை, கௌதாரி" என்று கூவி விற்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்க்காப்புக்குக் குழல்வாய் வழியாகக் கரிமருந்து அடைக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனியாக வழி இருக்கிறது. ஆனால் புதுப்பிக்க அலைய வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிவர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, நிலையான முகவரி இல்லாத ஒருவருக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய மலை! அதோடு, சுட அனுமதியுள்ள பறவையே இல்லை என்றான பிறகு துப்பாக்கி எதற்கு? அப்பாவின் லைசென்ஸை மகன் கேட்டு வாங்கவில்லை. இப்படித்தான் அது முடிந்தது.

சட்டம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் 1960-களில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, வீடு வந்தது, வயல் மனையானது. காடை முட்டையிடும் புல்தரையும் வரப்பும் போனால் காடை எங்கே வரும்? சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இன்றைக்குக் கோவில்பதாகையில் கண்ணி வைக்கிறவனுக்கு ஒரு கௌதாரி சிக்குமா? காடைக்கறி இப்போது பண்ணையிலிருந்து வருகிறது. சென்னை நந்தனத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தனி ரகமே உருவாக்கி, அதற்கு நந்தனம் காடை என்று பெயர் வைத்தார்கள். வாங்கித் தின்கிறவருக்கு வேட்டைக்காரர் தேவைப்படவில்லை.

வேட்டைக்காரர் போய்விட்டார், சரி. பறவை பெருகியிருக்க வேண்டுமே? எங்கள் ஏரியைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. துப்பாக்கிச் சத்தம் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. வீட்டுக் கழிவுநீர் வருவது நிற்கவில்லை, கரையோரம் குப்பை கொட்டுவது நிற்கவில்லை. ஒரு வெடிக்கு ஒரு பறவையைச் சுட்டவரைக் குற்றவாளி என்கிறோம். ஏரியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்க்கிறவரை என்னவென்று சொல்வது?

பறவையை மக்களே காத்த ஊரும் நமக்குத் தெரியும். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு வழியும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1970-களில் அந்த வியாபாரம் தடையானபோது அவர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் துணை நிற்க, 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் லைசென்ஸோடு காட்டுயிரைப் பிடிக்கிறவர் யார் என்று கேட்டால், அந்த இருளர்களைத்தான் காட்டலாம்.

நரிக்குறவருக்கு அப்படி ஒரு சங்கத்தை யாரும் யோசிக்கவில்லை. தொழிலை எடுத்துக்கொண்டோம், மாற்று கொடுக்கவில்லை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-லேயே லோகூர் குழு சொல்லியிருந்தது. நாடாளுமன்றத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு வருடம்! அந்த ஆண்டு ஏப்ரலில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு முன் அந்தத் தெருவுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? சாதிச் சான்றிதழ் இப்போது பிள்ளைகளின் படிப்புக்குக் கதவைத் திறக்கிறது. பெரியவர்களுக்கு?

அவர்களிடம் ஒரு படிப்பு இருக்கிறது. எந்தப் பறவை எந்த மாதம் எந்த ஏரிக்கு இறங்கும், நாணலில் முட்டையிடுவது எது, தண்ணீர் வற்றினால் எது முதலில் கிளம்பும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அன்றைக்கு அந்தப் பெரியவர் என் பேச்சை நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "முக்குளிப்பான் கத்துது" என்றார். எனக்கு ரயில் சத்தம்தான் கேட்டது.

வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் நீர்நிலைகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள் தொலைநோக்கியும் பறவைப் புத்தகமும் எடுத்துக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். பருத்திப்பட்டு ஏரியில் பசுமைப் பூங்கா இருக்கிறது. அங்கே கூழைக்கடா பார்க்கக் குழந்தைகள் வருகிறார்கள். அந்த வேலைகளுக்கு நரிக்குறவப் பெரியவர்களைக் கூலி கொடுத்து அழைக்க வேண்டும். ஏரிக் காவலுக்கு அவர்கள் வீட்டு இளைஞர்களை எடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஆவடி மாநகராட்சியும் வனத்துறையும் மனம் வைத்தால் போதும்.

கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை கிளம்பும்போது ஆவடி ஸ்டேஷன் வாசலில் கொஞ்சம் நின்று, பாசிமணி கோத்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரையும் உங்களோடு அழைத்துப் போங்கள்.