நைராவும் பிராங்கும்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். காசின் மதிப்பு நிலைகுலையும்போது மக்களுக்குள் நிலவும் நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகிறது என்பதை இச்சொல்லே நமக்கு உணர்த்துகிறது. இதற்குச் சான்றாக மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவையும் அதன் அண்டை நாடுகளான பெனின், நைஜர் ஆகியவற்றையும் பிரிக்கும் எல்லையைச் சற்று நோக்குவோம்.

எல்லையின் ஒருபுறம் நைரா வழங்குகிறது, மறுபுறம் சி.எப்.ஏ. பிராங்கு வழங்குகிறது. ஆயினும் மக்கள் வேறு வேறு அல்லர். தெற்கே யொருபா மொழி பேசுவோரும், வடக்கே ஹௌசா மொழி பேசுவோரும் எல்லையின் இருபுறமும் வாழ்கின்றனர். நைஜரிலுள்ள மராடி நகரத்து வியாபாரிக்குத் தம் தலைநகரான நியாமேயைக் காட்டிலும் நைஜீரியாவின் கானோ நகரமே அண்மையில் இருக்கிறது. உறவும் வியாபாரமும் ஒன்றாயிருக்க, பணம் மட்டும் இரண்டாயிற்று. இது காலனி ஆட்சி விட்டுச் சென்ற பிரிவினை.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பகுதிகளுக்கென 1912ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் ஏற்பட்டது. அதன் பவுன், ஸ்டெர்லிங் பவுனுக்குச் சமமாக நின்றது. பிரெஞ்சுப் பகுதிகளுக்கு 1945 டிசம்பரில் சி.எப்.ஏ. பிராங்கு பிறந்தது. 1960ல் இந்நாடுகள் விடுதலை பெற்றபோது ஒரு நைஜீரியப் பவுனுக்கு ஏறத்தாழ 690 சி.எப்.ஏ. பிராங்கு கிடைத்தது. 1973 ஜனவரி முதல் நாளன்று நைஜீரியா பவுனைக் கைவிட்டு, ஒரு பவுனுக்கு இரண்டு நைரா என்ற கணக்கில் புதிய நாணயத்தை வெளியிட்டது. அன்று ஒரு நைராவுக்கு 300 பிராங்குக்கு மேல் கிடைத்தது.

அதன்பின் இரண்டும் இருவேறு வழிகளில் சென்றன. சி.எப்.ஏ. பிராங்கு பிரெஞ்சு நாணயத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. பிரான்சு உத்தரவாதம் அளித்தது. அதற்கு ஈடாக அங்கத்தினர் நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பெரும்பகுதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது. நைராவோ நைஜீரிய மத்திய வங்கியின் பொறுப்பில் இருந்தது. ஆனால் அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்தே வந்தமையால், எண்ணெயின் விலையே நைராவின் விதியை எழுதிற்று. ஆகவே, எல்லையில் நிலவிய மாற்று விகிதத்தை அண்டை நாடுகள் தமக்குள் கலந்து பேசி நிர்ணயிக்கவில்லை. பாரிசில் செய்த முடிவும் எண்ணெய்ச் சந்தையின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து அதை உருவாக்கின.

1985ன் தொடக்கத்தில், அதிகாரபூர்வமான கணக்கின்படி ஒரு நைரா 500 பிராங்குக்கு மேல் பெறுமானம் உடையது. எல்லைச் சந்தையில் அதன் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஏட்டில் உயர்ந்து நின்ற மதிப்பு, கையில் இல்லை. 1986ல் எண்ணெய் விலை சரிந்தது; அவ்வாண்டு செப்டம்பரில் நைரா சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. மறு ஆண்டில் ஒரு நைராவுக்கு ஏறத்தாழ 75 பிராங்குதான் கிடைத்தது. நைஜீரியச் சரக்குகள் மலிந்தமையால் பெனின், நைஜர் மக்கள் அவற்றை வாங்கினர். ஆனால் அவர்களுடைய சொந்த உற்பத்தி போட்டியில் தளர்ந்தது. 1989ல் பெனின் அரசாங்கம் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க இயலாது தவித்தது. இதற்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும், அண்டை நாட்டு நாணயம் வீழ, தன் நாணயம் மட்டும் அசையாதிருப்பதும் ஒரு சுமையே என்பது விளங்கிற்று.

அந்த அசையாத பிராங்கும் ஒருநாள் அசைந்தது. 1948 முதல் மாறாதிருந்த விகிதம் 1994 ஜனவரி 12ஆம் நாள் ஒரே அடியாகப் பாதியாயிற்று. ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 என்றிருந்தது, 100 என ஆயிற்று. பருத்திக்கும் கால்நடைக்கும் அயல்நாட்டுச் சந்தையில் கிராக்கி பிறந்தது. இறக்குமதியான மருந்தும் அரிசியும் நகரத்து ஏழைகளுக்கு எட்டாக் கனியாயின. 1999 முதல் இந்நாணயம் ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்கு என்று நிலைத்திருக்கிறது.

நைராவின் சரிவோ நிற்கவில்லை. 1999ல் ஒரு நைராவுக்கு ஏழு பிராங்குகூட இல்லை. 2023 மே மாத இறுதியில் நைஜீரியா பெட்ரோல் மானியத்தை நிறுத்திற்று. ஜூனில் நைராவைச் சந்தையின் போக்குக்கு மீண்டும் விட்டது. 2024ல் நிலைமை தலைகீழாயிற்று. ஒரு பிராங்கை வாங்க இரண்டு நைராவுக்கு மேல் தேவைப்பட்டது.

இப்புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பவர் யார்? பக்ரீத் காலத்தில் ஆடுகளை நைஜீரியாவுக்கு ஓட்டிச்செல்லும் நைஜர் நாட்டு இடையர். வெங்காயமும் காராமணியும் விற்கும் குடியானவர். நைஜீரியப் பெட்ரோலைப் பாட்டில்களில் ஊற்றித் தெருவோரம் விற்கும் பெனின் நாட்டுப் பெண். நம் நாட்டிலிருந்து பெனினுக்குச் செல்லும் புழுங்கலரிசியில் ஒரு பகுதியும் இவ்வெல்லையைக் கடந்து நைஜீரியச் சமையலறையை அடைகிறது. 2015ல் அதிகார விகிதப்படி ஒரு லட்சம் நைராவுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பிராங்கு கிடைத்தது. 2024ல் அதே தொகைக்கு ஐம்பதினாயிரம் பிராங்குகூடத் தேறவில்லை. நைரா வீழ்ந்தால் ஆட்டின் நைரா விலையும் ஏறும் என்பது உண்மையே. ஆனால் கடனுக்கு விற்றவன், விலை பேசிய நாளுக்கும் பணம் பெறும் நாளுக்கும் இடையே நஷ்டப்படுகிறான். இருவரும் சொல் தவறவில்லை, பணம்தான் தவறிற்று.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ‘எக்கோ’ என்னும் பொது நாணயத்தை நெடுநாளாகத் திட்டமிட்டு வருகின்றன. 2020ல் வருமென்றார்கள், பின்னர் 2027 என்று நாள் குறித்தார்கள். இதற்கிடையில் 2025 ஜனவரியில் நைஜர் அக்கூட்டமைப்பிலிருந்தே விலகிவிட்டது, ஆயினும் சி.எப்.ஏ. பிராங்கை விடவில்லை.

உயர்ந்த மதிப்பே நல்ல நாணயத்தின் அடையாளம் என்று நாம் கருதுவதற்கில்லை. 1985ன் நைராவும் 1993ன் பிராங்கும் உயர்ந்தே நின்றன. இரண்டும் தம் மக்களைக் காக்கவில்லை. ஒரு நாடு விளைவிப்பதையும் விற்பதையும் ஒட்டி மதிப்பு அமைய வேண்டும். மாறுவதாயின், ஏழை தாங்கும் அளவில் மாற வேண்டும். இப்பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள், அந்த நாணயத்தைக் கொண்டு உப்பும் அரிசியும் வாங்கும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே.